கோழிக்கு ஊசி வியாழக்கிழமை

"முதல்ல பேரெல்லாம் வாசிங்க. வாசிச்சாத்தான் நான் வாயைத் திறப்பேன்."

ஹோமா பே என்ற ஊரிலிருந்து பேசிய அந்தப் பெண் எடுத்த எடுப்பில் இப்படித்தான் ஆரம்பித்தாள். வணக்கமும் இல்லை, சௌக்கியமா என்ற விசாரிப்பும் இல்லை. கிசுமு நகர அலுவலகத்தின் மூலை அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவினோ, கேள்வித்தாளைப் புரட்டிய கையை அப்படியே நிறுத்தினாள்.

"எந்தப் பேரும்மா?"

"இதைக் கேட்டுட்டு இருக்கிறவங்க பேருதான். உங்களைத் தவிர இன்னும் யார் யாரு லைன்ல இருக்காங்க, எந்த ஊரு, எல்லாம் சொல்லணுமாமே. நேத்து போன் பண்ணின உங்க ஆளு சொன்னா. அது வரைக்கும் உம்முன்னு உக்காருன்னா."

நேற்று இவளுக்கு யாரும் போன் செய்யவில்லை. செய்வதற்கு ஆளே கிடையாது. முந்தின நாள் கூப்பிட்டு நினைவுபடுத்தும் வேலையை, இப்போதைய தலைவிக்கு முந்தைய தலைவர், வீண் செலவு என்று ஒரே கோட்டில் அடித்துத் தூக்கிவிட்டார். அந்த வேலையைப் பார்த்த பெண் இப்போது பேருந்து நிலையத்தில் துணி விற்கிறாள்.

அவினோ, லைனில் கேட்டுக்கொண்டிருந்த ஆபீஸ் ஆட்களின் பெயர்களை வாசித்தாள். "சரி, இப்ப கேளுங்க" என்றாள் அந்தப் பெண், கடையில் எடை சரிபார்த்துவிட்டுப் பையை நீட்டுகிறவள் போல.

அவினோ பார்த்த வேலை வெளியே சொல்லிக்கொள்ள முடியாத வேலை. அந்த நிறுவனம் 'ஜிரானி' என்று ஒரு சேவை நடத்தியது. ஜிரானி என்றால் அந்த ஊர்ப் பேச்சில் பக்கத்து வீட்டுக்காரர். புருஷனுக்குத் தெரியாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களுக்கு, அடுத்த ஊசி என்றைக்கு என்று போனில் ஒரு செய்தி வரும். ஆனால் ஊசி என்று வெட்டவெளிச்சமாகச் சொன்னால் வீட்டில் ரகளைதானே? அதனால் செய்தி இப்படி வரும்: 'கோழிக்கு ஊசி வியாழக்கிழமை. மறக்காதே. உன் ஜிரானி.' புருஷன் எடுத்துப் படித்தாலும் கோழிதான் கண்ணில் படும். ஒரு மகராசன் செய்தியைப் படித்துவிட்டு நிஜமாகவே கோழிக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்து நின்றானாம். அலுவலகமே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இந்தப் பெண்களிடம் பேசி, செய்தி புரிகிறதா, எங்கே ஒளித்து வைக்கிறார்கள், எங்கே மாட்டிக்கொள்ளும் பயம் இருக்கிறது என்று விசாரித்துச் சேவையைச் சரிசெய்வதுதான் ஆய்வுப் பிரிவு. நர்ஸுகள் மூலமாக ஆள் பிடிப்பது, புருஷன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து நேரம் குறிப்பது, சம்மதம் வாங்குவது, பேசியதைப் பத்திரப்படுத்துவது, அழி என்றால் அழிப்பது, எல்லாம் அவினோ. கேள்வி கேட்க முன்பு வேறு ஆட்கள் இருந்தார்கள். ஆபீஸை ஒவ்வொரு முறை கலைத்துப் போடும்போதும் ஒவ்வொருவராக உதிர்ந்து, கடைசியில் ஏற்பாடும் அவளே, கேள்வியும் அவளே என்று ஆகிவிட்டது.

அந்த நிறுவனத்துக்கு ஓரிடத்தில் அமர்ந்து வேலை பார்க்கும் பழக்கமே கிடையாது, கண்றாவி! வாசல் பலகையில் பெயர் மாறும். நைரோபியிலிருந்து புதுத் தலைமை வரும். வந்த கையோடு கட்டம் கட்டமாக ஒரு படம் போட்டுக் காட்டும், யார் யாருக்குக் கீழே என்று. அந்தப் படத்தை மனப்பாடம் செய்வதற்குள் அடுத்த படம் வந்துவிடும். போன் லைன் மாறும், ரெக்கார்டிங் வைக்கும் இடம் மாறும், மேஜை மாறும். பக்கத்து நாற்காலியில் இருப்பவன் யார் என்று கேட்கவே கூச்சமாக இருக்கும், ஏனென்றால் போன வாரமும் கேட்டிருப்போம்.

பெயர் வாசிக்கும் வழக்கம் வந்தது கதாம்பியால்.

கதாம்பி, கக்கமேகாவுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் மாவு மில்லில் வேலை பார்த்தவள். மில் ஓடும் நேரத்தில்தான் பேசுவேன், அந்த இரைச்சலில் நான் பேசுவது பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது என்று அவளே நேரம் குறித்துக் கொடுத்தாள். எடுத்ததும் "சாப்டியா?" என்று அவினோவைத்தான் முதலில் கேட்டாள். ஒவ்வொரு பேச்சுக்கு முன்னாலும் மூக்கால் ஒரு சிரிப்பு வரும் அவளுக்கு. பின்னால் டீசல் இன்ஜின் டுப்டுப் என்று அடிக்க, எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வாரம்தான் இரண்டு பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். லைனில் புதுசாக யார் யாரோ. யார் என்று யாரும் கேட்கவில்லை. அதில் ஒருவனுக்கு அந்தச் சிரிப்பையும் அந்த மில் சத்தத்தையும் தெரிந்திருந்தது. அவன் கெட்டவன்கூட இல்லை. ஊரில் ஒரு சாவு வீட்டில், நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, "நம்ம ஊரு பொம்பளைங்க பலே கில்லாடிங்க, கோழிக்கு ஊசி போடறாங்களாம்!" என்று வேடிக்கையாகச் சொன்னான். அந்த நாலு பேரில் ஒருவன் கதாம்பியின் புருஷன், அவள் போனில் அந்தக் கோழிச் செய்தியைப் பார்த்திருந்தவன். அடித்த அடியில் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

அவளுடைய ரெக்கார்டிங்கை அவினோ தன் கையாலேயே அழித்தாள். எங்கேயும் ஒரு துண்டுகூட மிச்சமில்லை என்று சரிபார்த்தாள். அதற்குப் பிறகுதான் அந்த வழக்கம்: கேட்பவர்கள் ஒவ்வொருவர் பெயரும் ஊரும் வாசிக்காமல் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. தெரிந்த பெயர் காதில் விழுந்தால் அந்தப் பெண் போனை வைத்துவிடலாம். விதிமுறைப் புத்தகத்தில் அதை எழுதி வைத்தாள்; அடுத்த தலைமை புத்தகத்தையே மாற்றியது. சுவரில் ஒட்டினாள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கடைசியில் அது அவள் வாயில் மட்டும்தான் தங்கியிருந்தது.

அதற்கும் இப்போது ஆபத்து வந்தது. புதுத் தலைவி செலகத், சுறுசுறுப்பான பெண், கையில் எப்போதும் கறுப்பு டீ. அவள் வந்ததும் சொன்னாள்: "பேரெல்லாம் வாசிக்கிறது என்ன, பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸா? பாதிப் பேரு அதுலயே சலிச்சுப் போயிடறாங்க. 'எங்க குழு கேக்குது'ன்னு ஒரு வரி சொல்லிட்டு வேலையைப் பாருங்க."

அந்த உத்தரவு வந்த மறுநாள்தான் ஹோமா பே பெண் பெயர் கேட்டது.

தற்செயல் என்று அவினோ நினைத்துக்கொண்டாள். அதே வாரம் சியாயாவிலிருந்து இன்னொருத்தி, "பேரு சொல்லுங்கக்கா" என்றாள். அப்புறம் புசியாவிலிருந்து ஒருத்தி. மூவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை.

"யாரும்மா உனக்குப் போன் பண்ணது?" என்று புசியாக்காரியிடம் அவினோ மெதுவாகக் கேட்டாள்.

"உங்க ஆபீஸ் அக்காதான். பேரு சொல்லலை. நம்பரும் விழலை. என் வீட்டுக்காரரு படலைத் தாண்டி அந்தாண்ட போனாரு, இந்தாண்ட போன் அடிக்குது. பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்த மாதிரி."

"என்ன கேட்டா?"

"சாப்டியான்னு கேட்டா. நல்ல மனுஷி. ஆனா ஒண்ணும் சரியாக் காதுல விழலை. பின்னாடி ஒரே மில்லு சத்தம். அதுக்கு நடுவுல மூக்காலயே சிரிக்கிறா."

வெளியே பட்டப்பகல், ஏரிப் பக்கமிருந்து வெயில் கண்ணைக் கூசவைத்தது, தெருவில் எவனோ கருவாட்டு விலையைக் கத்திக்கொண்டு போனான். அவினோ மட்டும் ஏ.சி. இல்லாத அந்த அறையில் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன் லைன்களைப் பார்த்துக்கொள்ளும் ஒபுயாவிடம் போனாள். அவன் ஒருவன்தான் எல்லாக் கலைப்பிலும் தப்பித்தவன். எந்தக் கட்டத்திலும் அவன் பெயரைப் போட மறந்துவிடுவதால் தப்பிக்கிறான் என்று சொல்வார்கள்.

"யோவ் ஒபுயா, நம்ம லைன்ல இருந்து வெளிய ஏதாவது போன் போயிருக்கா, பாரேன்."

அவன் மண்டாசி என்கிற எண்ணெய்ப் பணியாரத்தை மென்றுகொண்டே பார்த்தான். "ஒண்ணும் போகலை தாயே. ஏன், எவனாவது காதலிக்குப் பேசறானா?"

"இன்னொண்ணு. திரையில கேக்கறவங்க எண்ணிக்கை ஒண்ணு கூடுதலாக் காட்டுது. என்கிட்ட நாலு பேரு இருந்தா அது அஞ்சுங்குது."

"புதுசா வாங்கின சனியன். அதுக்கு எண்ணத் தெரியலை. பழசுக்கும் தெரியாது." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லுவதை நிறுத்தினான். "என்ன அவினோ, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

அவள் சொன்னாள். கதாம்பியின் சாவு அவனுக்கும் தெரியும். சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"எண்ணத் தெரியாதுன்னு சொன்னேன் இல்ல," என்றான் கடைசியில், திரையைப் பார்த்தபடி. "அது சும்மா சொன்னது. நானும் ரெண்டு மூணு தடவை சரிபாத்தேன். அந்த அஞ்சாவது ஆளு எங்கிருந்து வருதுன்னு தெரியலை. நீ பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்துடுது."

பயம் பயம்தான், ஆனாலும் அவினோவுக்கு அதில் ஒரு நிம்மதியும் இருந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. தலைவி தடுத்தால் என்ன? பெண்களே கேட்கிறார்களே. கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்? வழக்கத்தைக் காப்பாற்றும் பாரம் தன் தோளிலிருந்து இறங்கிவிட்டதாகவே அவள் நினைத்தாள்.

அப்போதுதான் மறுபடியும் ஒரு சேர்க்கை வந்தது. விவசாயிகளுக்குக் கால்நடை ஆலோசனை சொல்லும் ஒரு கம்பெனியை இவர்களோடு இணைத்தார்கள். வியாழக்கிழமை காலையில் புது ஆட்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள், மேஜை போதாமல் ஜன்னல் திண்டில்கூட உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவினோ பேச வேண்டிய பெண் வெபுயே பக்கத்து நபுவிரே. நான்கு பிள்ளை பெற்று, நான்காவதில் செத்துப் பிழைத்தவள். இன்னொன்று என்றால் உடம்பு தாங்காது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஐந்தாவது வேண்டும் என்று புருஷன் ஒற்றைக்காலில் நிற்கிறான். ஊசி விஷயம் தெரிந்தால் கொன்றே போடுவான் என்றும் நர்ஸ் சொல்லியிருந்தாள். அது பேச்சுக்குச் சொன்னதல்ல.

செலகத் டீயோடு அறைக்குள் வந்தாள். "புதுசா வந்தவங்க எல்லாரையும் லைன்ல சேத்துட்டேன். நம்ம வேலை எப்படின்னு ஒரு ருசி பாக்கட்டும்."

அவினோ எழுந்தே விட்டாள். "மேடம், அவங்களுக்கு இது என்ன சேவைன்னே தெரியாதே! கோழின்னா கோழின்னுதான் நினைச்சுட்டு இருப்பாங்க."

"விளக்கக் கூட்டம் திங்கக்கிழமை இருக்கு. அதுவரைக்கும் சும்மா கேக்கட்டுமே. என்ன இப்போ?"

"அப்ப பேரு வாசிச்சுடறேன்."

"அவினோ." செலகத் கோப்பையை மேஜையில் வைத்தாள். "நீங்க நல்லா வேலை செய்யறவங்க. அதனால சொல்றேன். அடுத்த படத்துல யாருக்குக் கட்டம், யாருக்கு இல்லைன்னு இன்னும் முடிவாகலை. இன்னொரு தடவை இந்த அட்டெண்டன்ஸ் எடுத்தீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அந்தப் பொண்ணா கேட்டா சொல்லுங்க. நீங்களா ஆரம்பிக்காதீங்க."

அவளாகவே கேட்பாள் என்று அவினோ நம்பினாள். ஹெட்போனை மாட்டினாள். செலகத் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் கேட்பவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, பெயர் எதுவும் இல்லாமல்.

"வணக்கம்மா. எங்க குழு கேட்டுட்டு இருக்கு. பேசலாமா?"

"ம்," என்றாள் நபுவிரே. "கேளுங்க."

அவினோ காத்திருந்தாள். பெயர் கேட்பாள், இதோ கேட்பாள் என்று. நபுவிரே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தயாராக இருந்தாள்.

"அம்மா, நேத்து உங்களுக்கு யாராவது போன் பண்ணாங்களா?"

"இல்லையே. யாரும் பண்ணலை."

எல்லாருக்கும் பண்ணியவள் இவளுக்கு ஏன் பண்ணவில்லை? இத்தனை பேர் லைனில் இருக்கும் இந்த நாளில், இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன்? செலகத் விரலால் மேஜையைத் தட்டினாள், ஆரம்பி என்று. முதல் கேள்வி அவினோவின் நாக்கு நுனியில் இருந்தது: செய்தி வந்தால் என்ன செய்வீர்கள்? அதைக் கேட்டால் போதும், அந்தப் பெண் கொட்டிவிடுவாள். நாக்கு அசைய மறுத்தது.

அப்போது லைனில் அந்தச் சத்தம் தொடங்கியது. முதலில் தூரத்தில், பிறகு பக்கத்தில். டுப், டுப், டுப். டீசல் இன்ஜின். பெல்ட் அடிக்கும் சத்தம். சோளம் அரைபடும் இரைச்சல்.

"மில்லு பக்கத்துலயா இருக்கீங்க?" அவினோவின் குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது.

"இல்லம்மா, கரும்புத் தோட்டத்துக்கு நடுவுல இருக்கேன். இங்க ஏது மில்லு?"

செலகத் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். "என்ன சத்தம் இது?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். அவள் கையில் ரோமம் குத்திட்டு நின்றதை அவினோ பார்த்தாள்.

வேலையாவது மண்ணாவது. போனால் போகட்டும்.

"அம்மா, நீங்க ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்," என்றாள் அவினோ. "லைன்ல இருக்கிற எல்லாரும் ஒவ்வொருத்தரா உங்க பேரு, சொந்த ஊரு சொல்லுங்க. சொல்லாம கேள்வி கிடையாது. சீக்கிரம்."

செலகத் அவளைத் தடுக்கக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். மில் சத்தம் நின்றுவிட்டது. ஒவ்வொரு குரலாக வந்தது, கூச்சத்தோடு, சிரிப்போடு. கிசி என்றான் ஒருவன். நாகுரு என்றாள் ஒருத்தி. ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்த ஒரு பருத்த மனிதர், காலையில் எல்லாருக்கும் மண்டாசி வாங்கிக் கொடுத்தவர், உற்சாகமாகச் சொன்னார்: "மகோகா. கால்நடைப் பிரிவு. சொந்த ஊரு வெபுயே பக்கம், பாலத்தைத் தாண்டி மூணாவது திருப்பம்."

அவினோ எதிர்பார்த்தாள், அந்தப் பக்கம் போன் வைக்கப்படும் என்று. வைக்கப்படவில்லை.

"கோழி பத்திதானே கேக்கணும்?" என்றாள் நபுவிரே. குரல் சற்று உயர்ந்து, பளிச்சென்று வந்தது. "கேளுங்க. என் கோழி எல்லாம் நல்லா இருக்கு. ஊசி தவறாமப் போடறேன்."

"அட!" என்று கத்தினார் மகோகா. "இது நம்ம நபுவிரே குரல் மாதிரி இருக்கே? என் தம்பி பொண்டாட்டி!"

"நானேதான் பெரியத்தான். நீங்க அங்கயா இருக்கீங்க? நல்லாப் போச்சு. கோழி விஷயமாப் பேசச் சொன்னாங்க, அதான்."

அப்போது செலகத் அவினோவின் முன்னாலிருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் முகம் சாம்பலாக இருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"எத்தனை கோழி வெச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டாள்.

"ஆறு. ஒரு சேவல்."

"முட்டை எப்படி?"

அப்படியே போயிற்று அந்தப் பேச்சு. தீவனம், கழிச்சல், பருந்துத் தொல்லை. இரண்டு பெண்களும் கோழியைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் இல்லாதது போல் பேசினார்கள். லைனைத் துண்டித்ததும் செலகத் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் எதுவும் சொல்வதற்குள் மகோகாவே உள்ளே வந்துவிட்டார்.

"பாருங்களேன் கூத்தை! கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தேன், அந்த வீட்டுல ஒரு கோழி றெக்கைகூடக் கிடையாது. எப்போ வாங்கினா? சனிக்கிழமை ஊருக்குப் போறேன். ஒண்ணை அடிச்சு உகாலிக் களியோட வெக்கச் சொல்லணும்!" சிரித்துக்கொண்டே போய்விட்டார். நல்ல மனிதர். கதாம்பியைக் காட்டிக்கொடுத்தவனும் நல்ல மனிதன்தான்.

"அவரை மாட்டுப் பிரிவுக்கு மாத்திடறேன், இன்னிக்கே," என்றாள் செலகத். "திங்கக்கிழமைக் கூட்டத்துக்கு அவரு வர வேண்டாம்." அந்த நிறுவனம் செய்த இத்தனை மாற்றங்களில் உருப்படியான மாற்றம் அது ஒன்றுதான்.

"அது சரி மேடம். சனிக்கிழமை அங்க கோழி இல்லைன்னா?"

செலகத் வண்டிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "விடிஞ்சதும் சந்தைக்குப் போவோம்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிபுயே சந்தையில் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி, கூடையில் போட்டு, இரண்டு பேரும் வெபுயேவுக்குக் கிளம்பினார்கள். நைரோபிக்காரி செலகத், கோழிக் கூடையை மடியில் வைத்துப் பழக்கமில்லாதவள், அதனால் தானே வண்டியை ஓட்டினாள். பாதி வழியில், "அந்த மில்லு சத்தம்..." என்று ஆரம்பித்தாள்.

அவினோ கதாம்பியைப் பற்றிச் சொன்னாள், மாவு மில், மூக்குச் சிரிப்பு, சாவு வீடு எல்லாவற்றையும். செலகத் கேட்டுக்கொண்டாள். "இதை எங்கயும் எழுதி வெக்கலையா?" என்றாள்.

"எழுதினேன் மேடம். உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் எழுதினேன்."

பாலம் தாண்டி மூன்றாவது திருப்பத்தில் வீடு. நபுவிரேயின் புருஷன் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பெரிய கைகள். இவர்கள் கூடையோடு இறங்குவதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"மறுபடியும் கோழியா? உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

அவினோ முற்றத்தைப் பார்த்தாள். கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆறு பெட்டை, ஒரு சேவல். இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள்.

"இது... இது எப்ப வந்துச்சுண்ணே?"

"புதன்கிழமையே உங்க ஆபீஸ் பொம்பளை கொண்டாந்து விட்டுட்டுப் போச்சே. மேலெல்லாம் சோள மாவு. மில்லுலேருந்து எழுந்து நேரா வந்த மாதிரி. நான் வாசல்ல உக்காந்திருக்கேன், சாப்டியாங்குது என்னைப் பாத்து! பைத்தியம் மாதிரி ஒரு சிரிப்பு வேற." அவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் குரலில் எரிச்சல் இருந்தது, அதற்கடியில் வேறு ஒன்றும் இருந்தது. "எங்க நாய் குலைக்கவே இல்லை. அடுப்படியில போய்ப் படுத்துக்கிச்சு. இன்னும் வெளிய வரலை."

புதன்கிழமை. லைனில் அந்தப் பேச்சு நடப்பதற்கு முந்தின நாள். கோழி என்ற பொய்யை நபுவிரே சொல்வதற்கு முன்னால்.

கொண்டு வந்த கோழிகளை வேறு வீட்டுக்கு என்று சொல்லிச் சமாளித்தார்கள். நபுவிரே தண்ணீர் கொடுத்தாள். மெலிந்த பெண், கண் மட்டும் பெரிது. வண்டி வரைக்கும் வழியனுப்ப வந்தாள். புருஷன் பார்வை எட்டாத இடம் வந்ததும் அவினோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் போன் பண்ணலைன்னு சொன்னியே?"

"போன் பண்ணலையே. நேர்லதானே வந்தா." நபுவிரே முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நாளைக்கு எது கேட்டாலும், கோழி இருக்குங்கறதை மறந்துடாதேன்னா. எனக்கு ஒண்ணும் புரியலை. பெரியத்தான் குரலைக் கேட்டதும்தான் புரிஞ்சுது."

"பேரு வாசிக்கச் சொல்லிக் கேளுன்னு உன்கிட்ட சொல்லலையா? மத்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னாளே."

"நானே கேட்டேன், அங்க யாராவது தெரிஞ்சவங்க இருந்தா என்ன பண்றதுன்னு. அதுக்கு நீ கவலைப்படாதே, அதை அவினோ பாத்துக்குவான்னு சொன்னா."

அவினோ அழுதாள். செலகத் பார்க்கிறாள் என்றும் இல்லாமல், நடுச்சாலையில் நின்று வாய்விட்டு அழுதாள். முதல் கேள்வி தன் நாக்கு நுனி வரை வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செலகத்துக்கு அது தெரியும்.

மழைக்காலம் முடிவதற்குள் செலகத்தும் போய்விட்டாள்; வாசல் பலகையில் பெயர் மறுபடி மாறியது. போகும் முன் பெயர் வாசிப்பை அவள் விதியாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாள் அடுத்த மாற்றத்தில் காணாமல் போயிற்று. யாரும் தேடவில்லை. தேவையும் இல்லை. எந்த ஊரிலிருந்து எந்தப் பெண் லைனுக்கு வந்தாலும், முதல் வார்த்தை பெயர் வாசி என்பதாகத்தான் இருந்தது.

அவினோ வாசிப்பாள். ஒவ்வொரு பெயரும், ஒவ்வொரு ஊரும். எல்லாரும் முடிந்த பிறகு திரையில் ஓர் எண் மிச்சமிருக்கும். முன்பெல்லாம் அதைப் பார்க்காதது போல் இருந்தவள், இப்போது அதையும் வாசித்துவிடுகிறாள்.

"கதாம்பி. மாவு மில்லு."

அந்தப் பக்கத்துப் பெண்கள் யார் அது என்று கேட்பதில்லை. "சரி, அவங்களும் இருக்காங்க இல்ல," என்கிறார்கள். பிறகு பேச ஆரம்பிக்கிறார்கள்.